சில்வர் டாலரை ஒற்றையாக வாங்காதீர்கள்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தொட்டியைப் பார்த்ததும் கேட்பது, "இது வாவல்தானே?" என்றுதான். மண்டபம் மாதிரி ஒரு கடற்கரை ஊரில் இருந்துகொண்டு அவர்களைக் குறை சொல்ல முடியாது. தட்டையான உடம்பு, வட்ட வடிவம், வெள்ளி மினுக்கம். ஏலக்கூடையில் கிடந்தால் நானே வாவல் என்று நினைத்திருப்பேன். ஆனால் இது நன்னீர் மீன். பூர்வீகம் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகை. கடைகளில் சில்வர் டாலர் என்பார்கள். பிரானா மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொன்னால், கண்ணாடியில் விரல் வைத்திருப்பவர் பட்டென்று கையை எடுத்துக்கொள்வார். பயப்பட ஒன்றுமில்லை. இது கீரை தின்கிற கிளை.

பெரிதாக வளரும், யாரையும் கடிக்காது, கூட்டமாகவே வாழும். இந்த மூன்று குணமும் சேர்ந்த நன்னீர் மீன்கள் சில உண்டு. சில்வர் டாலர், பாலா ஷார்க், டின்ஃபாயில் பார்ப், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மிஸ் கேரளா எல்லாம் அந்த வரிசைதான். கடைக்காரர் 'சாது' என்ற ஒரு குணத்தை மட்டும் சொல்லி விற்றுவிடுவார். மற்ற இரண்டும் ஆறு மாதம் கழித்து நமக்கே தெரியவரும். எனக்கு அப்படித்தான் தெரியவந்தது.

முதலில் நான் வாங்கியது இரண்டே இரண்டு. "ஜோடியா இருந்தா போதும் சார்" என்றார்கள். இரண்டடித் தொட்டியில் விட்டேன். இரண்டும் மூலையில் ஒதுங்கி நின்றன. யாராவது நடந்து போனால் கண்ணாடியில் போய் முட்டும். ஒருநாள் இரவு மின்சாரம் போய்விட்டு வந்தபோது, தொட்டி விளக்கும் பளிச்சென்று எரிந்திருக்கிறது. காலையில் பார்த்தால் ஒன்று டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் எறும்பு மொய்த்துக் கிடந்தது. மூடியில் கை நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது. மிஞ்சிய ஒன்று அதன்பிறகு சரியாகச் சாப்பிடவே இல்லை.

பாம்பனில் வள்ளம் வைத்திருக்கும் மாமா அந்த வாரம் வந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒத்தையா வர்ற சூடையை எங்கயாச்சும் பாத்திருக்கியா மாப்ளே?" என்று கேட்டார். அவ்வளவுதான் சொன்னார். நான் நாலு வீடியோ பார்த்தும் புரியாதது அதில் புரிந்தது.

கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு மீன் கூட்டம் புதிதல்ல. சூடையும் நெத்திலியும் தனியாகத் திரிவதில்லை. கூட்டத்துக்குத் தலைவன் கிடையாது. ஒவ்வொரு மீனும் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத் திரும்புகிறது. பார்ப்பது கண் மட்டுமல்ல. மீனின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை மெல்லிய கோடு ஒன்று ஓடும். பக்கக்கோடு என்று பெயர். தண்ணீரில் உண்டாகும் சின்ன அசைவையும் அழுத்த மாற்றத்தையும் உணரும் உறுப்பு அது. 1976இல் வெளியான ஓர் ஆய்வில், கண்கள் தற்காலிகமாக மறைக்கப்பட்ட மீன்களும் கூட்டத்தோடு சேர்ந்து நீந்தின.

கூட்டமாக இருப்பதில் மீனுக்கு என்ன லாபம்? பத்து மீன் என்றால் இருபது கண். எதிரி வருவது சீக்கிரம் தெரியும். அப்படியே வந்தாலும் மினுங்கிக்கொண்டு ஒரே மாதிரி திரும்பும் உடல்களுக்கு நடுவே ஒன்றைக் குறிவைப்பது பாரை மாதிரி வேட்டை மீனுக்கும் சிரமம். வீட்டுத் தொட்டியில் பாரை இல்லையே என்று நமக்குத் தெரியும். மீனுக்குத் தெரியாது. தனியாக இருக்கும் சில்வர் டாலர் நாள் முழுக்க எதிரியை எதிர்பார்த்தபடியே இருக்கிறது. அந்தப் பதற்றத்தில் எதிர்ப்புசக்தி குறைந்து, வெண்புள்ளி நோய் போன்றவை எளிதில் பிடித்துக்கொள்கின்றன.

இரண்டாக வைப்பதில் வேறொரு தொல்லை. இந்த மீன்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. பெரியது சின்னதைத் துரத்தும். ஆறாக இருந்தால் அந்தத் துரத்தல் ஐந்து பேருக்குப் பங்காகி ஒரு விளையாட்டுபோல் முடிந்துவிடும். இரண்டாக இருந்தால் அடி முழுவதும் ஒன்றுக்கே. அதனால்தான் குறைந்தது ஐந்தாறு என்கிறார்கள். என் கணக்கு ஆறு. அதற்குமேல் இருந்தால் நல்லது, இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதில் புதியவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் உண்டு. ஆறும் ஒட்டிக்கொண்டு, ஒரே திசையில் ராணுவம் மாதிரி நீந்தினால் "ஆகா, என்ன ஒற்றுமை!" என்று வீடியோ எடுப்போம். பெரும்பாலும் அது பயத்தின் அடையாளம். நிம்மதியாக இருக்கும்போது அவை தளர்வாகப் பரவி நிற்கும். ஒன்று கீழே மேயும், இரண்டு நடுவில் திரியும். ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில் இருந்தால் போதும். புதிதாக விட்ட முதல் வாரம் இறுக்கமாகவே நீந்தும். பழகப்பழகக் கூட்டம் தளரும். அதைப் பார்த்துத்தான் தொட்டி அவற்றுக்குப் பிடித்துவிட்டதா என்று நான் கணிக்கிறேன்.

சரி, எவ்வளவு பெரிய தொட்டி? கடையில் மூன்று நான்கு சென்டிமீட்டரில் இருக்கும் சில்வர் டாலர் வளர்ந்தால் 15 சென்டிமீட்டர் வரை போகும். நம் உள்ளங்கை அகலத்துக்கு ஆறு மீன்களைக் கற்பனை செய்துகொண்டு அதற்கு வீடு தேடுங்கள். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் என்பது தொடக்கம். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அந்தத் தொட்டி 12 கன அடி, அதாவது ஏறக்குறைய 340 லிட்டர். உயரத்தைவிட நீளம் முக்கியம். கூட்டமாக வாழும் மீன் பக்கவாட்டில்தான் ஓடும். உயரமான சின்னத் தொட்டி கிணற்றுக்குள் சைக்கிள் விடுவது போல. இன்னொன்று, ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் 400 கிலோவைத் தாண்டும். பழைய மர மேஜையில் வைக்கிற பேச்சே வேண்டாம். பட்டறையில் சொல்லி இரும்பு ஸ்டாண்ட் அடித்து, அதன்மேல் பலகையும் தெர்மாகோலும் போட்டு வையுங்கள். உப்புக் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பெயின்ட் இரண்டு கோட் கூடுதலாகவே அடியுங்கள்.

மூடி கட்டாயம். இடைவெளியே இல்லாத மூடி. ஏன் என்று சொல்லிவிட்டேன்.

இனி தண்ணீர். மீன் புத்தகங்கள் இதை இரண்டு பத்தியில் முடித்துவிடும். ராமநாதபுரம் மாவட்டத்தில் அது முடியாது. இங்கே மீன் வளர்ப்பு என்றாலே தண்ணீர் வளர்ப்புதான்.

"பக்கத்துலதான் கடல் இருக்கே, ஒரு வாளி எடுத்து ஊத்துனா என்ன?" என்று அக்கா மகன் கேட்டான். நல்ல கேள்வி. நன்னீர் மீனின் உடம்பு, அது இருக்கும் தண்ணீரைவிட உப்பானது. அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். அதன் சிறுநீரகம் ஓயாமல் அந்தத் தண்ணீரை வெளியேற்றுகிறது. கடல் மீனுக்கு நேர்மாறு. வெளியே உப்பு அதிகம், உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போகும். அது கடல்நீரைக் குடித்து, உப்பை மட்டும் செவுள் வழியே தள்ளுகிறது. ஒன்றின் உடம்பு மற்றதன் தண்ணீரில் வேலை செய்யாது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்தில் கடல் அலங்கார மீன்களுக்குக் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். அங்கே பார்த்த கோமாளி மீனும் நம் வீட்டு சில்வர் டாலரும் ஒரே தொட்டிக்கு வராததன் காரணம் இதுதான்.

வாளிக் கடல்நீரை யாரும் ஊற்றமாட்டார்கள். ஆனால் போர் தண்ணீரை ஊற்றுவார்கள். இந்தக் கரையில் பல இடங்களில் அது பாதிக் கடல். டிடிஎஸ் மீட்டர் என்று பேனா அளவில் ஒரு கருவி வரும், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். முதல் செலவு அதுவாக இருக்கட்டும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 500 வரை நல்லது, வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை அனுமதி. எங்கள் வீட்டுப் போரில் மீட்டரை முக்கினால் அந்த 2000ஐயும் தாண்டும். அமேசான் மீனுக்கு மென்மையான தண்ணீர்தான் சொந்தம். பண்ணையில் பிறந்தவை ஓரளவு கடினநீரைத் தாங்கும் என்றாலும், 300, 350க்குள் வைத்தால் நமக்கும் நிம்மதி.

அதற்குக் கலவைதான் வழி. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெரு என்றால் அதிர்ஷ்டம். அதில் குளோரின் இருக்கும். டிரம்மில் பிடித்து ஒரு நாள் காற்றுக்குழாய் போட்டுவைத்தால் போய்விடும், அவசரம் என்றால் மீன்கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சொட்டுக் கணக்கில் விடலாம். குழாய்த் தண்ணீர் 600 காட்டுகிறது, ஆர்ஓ தண்ணீர் 50 காட்டுகிறது என்று வையுங்கள். சரிபாதி கலந்தால் 325. ஆர்ஓ தண்ணீரை மட்டுமே நிரப்பக் கூடாது. அதில் தாதுக்கள் அநேகமாக இல்லை, தண்ணீரின் அமிலத்தன்மை நிலையாக நிற்காது. ஐப்பசி கார்த்திகையில் மொட்டைமாடி மழைநீர் கிடைத்தால் ஆர்ஓவுக்குப் பதில் அதையே கலக்கலாம். முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாவது மழையிலிருந்து பிடியுங்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டும் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் போர் பைப்பைத் திறந்து நிரப்பிவிடுவது. வாலிநோக்கத்தில் உப்பளம் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. நம் தொட்டியும் அதுதான். தினம் இரண்டு லிட்டர் ஆவியாகிறது, அதை 2000 டிடிஎஸ் தண்ணீரால் ஈடுகட்டுகிறோம் என்றால் நாளுக்கு 4 கிராம் உப்பு சேர்கிறது. மாதத்துக்கு 120 கிராம். 300 லிட்டர் தண்ணீரில் அது டிடிஎஸ்ஸை 400 கூட்டிவிடும். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாகவே இருக்கும், மீன் மட்டும் மெல்ல மெல்ல மங்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆவியாவது இன்னும் அதிகம். ஆகவே ஆவியானதை ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீர் அல்லது மழைநீர் மட்டும். வாராவாரம் தண்ணீர் மாற்றும்போதுதான் கலவைத் தண்ணீர்.

வாராவாரம் மாற்றுவது எவ்வளவு? கால் பங்கு. 340 லிட்டர் தொட்டிக்கு ஏறக்குறைய 85 லிட்டர். நம் ஊர்க் கணக்கில் ஐந்தாறு குடம். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீருக்கு அலைகிற மாவட்டம் இது. வீட்டுக்குக் குடிக்கவே குடம் விலைக்கு வாங்குகிறவர் என்றால், ஆறு சில்வர் டாலர் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒரு சின்னத் தொட்டியில் கப்பி வளர்க்கலாம். கப்பி ஓரளவு கடினநீரையும் தாங்கும், குஞ்சும் போடும், பிள்ளைகளுக்கும் குஷி. நாங்கள் வளர்ப்பதற்கு வீட்டில் கிடைத்த அனுமதியே, எடுக்கிற தண்ணீர் ஒரு சொட்டும் வீணாகாது என்ற ஒப்பந்தத்தின் பேரில்தான். பழைய தொட்டித் தண்ணீர் முழுவதும் முருங்கைக்கும் வாழைக்கும் போகிறது. அதில் நைட்ரேட் இருப்பதால் செடிக்கு உரமும் ஆயிற்று.

நைட்ரேட் எங்கிருந்து வந்தது? மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது விஷம். பில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறும் ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். வேறு பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும். அது ஓரளவுக்குத் தொல்லையில்லை, வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தில் வெளியே போய்விடும். இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மீனே இல்லாமல், தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு, பில்டரை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் சோதனைக் கிட் வாங்கி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்குகிறவர்கள், பத்து நாளில் "தண்ணி ஒத்துக்கல" என்று சொல்வது இதைத்தான்.

நமக்கு ஒரு கூடுதல் கவனம் வேண்டும். காரத்தன்மை கூடிய தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் கூடும். காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7இலிருந்து 8க்குப் போனால், அதே அம்மோனியாவில் விஷமான பங்கு சுமார் பத்து மடங்காகிறது. வெப்பம் ஏறினாலும் கூடும். கடினநீரும் வெயிலும் சேர்ந்த ஊரில் நாம் போடும் தீனி ஒரு பிடி அதிகமானாலே மீன் அனுபவிக்கும். பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

வெப்பம் பற்றி. சில்வர் டாலருக்கு 24 முதல் 28 டிகிரி வரை சுகம். இங்கே ஹீட்டர் தேவையே இல்லை, கடைக்காரர் தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் பிரச்சினை சித்திரை வைகாசி. தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். பெரிய மீனுக்கு ஆக்சிஜன் தேவையும் அதிகம். தண்ணீரின் மேற்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டே இருக்கும்படி பில்டரின் வாயை மேலே திருப்பி வையுங்கள். கூடவே ஓர் ஏர்பம்ப். மேலே சின்ன ஃபேன் வைத்தால் தண்ணீர் ஆவியாகிக் குளிரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் கடற்கரைக் காற்றில் ஈரம் நிறைய இருக்கும் நாளில் அது சோம்பேறித்தனமாகத்தான் வேலை செய்யும். தொட்டியை வெயில் படாத, தெற்கு மேற்குச் சுவர் சூடு தாக்காத இடத்தில் வைப்பது ஃபேனைவிடப் பலன் தரும். மின்வெட்டுக்கு, பேட்டரியில் ஓடும் ஏர்பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

எந்த மீன் என்று தேர்ந்தெடுக்கும்போதுதான் ஏமாறும் வாய்ப்பு அதிகம். பாக்கு என்று ஒரு மீன் உண்டு. அதுவும் பிரானா குடும்பமே, குஞ்சாக இருக்கும்போது சில்வர் டாலரின் தம்பி மாதிரி இருக்கும். வளர்ந்தால் தொட்டிக்குள் அடங்காது. சந்தையில் ரூப்சந்த் என்று கிலோக் கணக்கில் விற்கிறார்களே, அது இந்த இனம்தான். குஞ்சின் வயிறும் தாடையும் சிவந்திருந்தால், உடம்பில் கரும்புள்ளிகள் இருந்தால் யோசியுங்கள். சில்வர் டாலரில் ஆணுக்கு அடித்துடுப்பு லேசாகச் சிவந்திருக்கும், அது பரவாயில்லை. அடுத்தது 'ஷார்க்' என்று விற்கப்படும், மீசை வைத்த சாம்பல் நிறக் கெளுத்தி. அதுவும் சாது, அதுவும் கூட்டமாகத் திரியும், எல்லாம் சரி. ஆனால் வளர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். ஹோட்டலில் பாசா என்று வறுத்துத் தருவது அந்த வகைதான்.

பாலா ஷார்க் கெண்டை இனம், சுறா இல்லை. அழகு. ஆனால் 35 சென்டிமீட்டர் வளரும், ஐந்தாறு வைக்க எட்டடித் தொட்டியாவது வேண்டும். டின்ஃபாயில் பார்ப்பும் அதே நீளம். மிஸ் கேரளா கைக்கு அடக்கம்தான், 15 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். ஆனால் மலை ஓடைகளின் குளிர்ந்த, வேகமான தண்ணீரில் பிறந்தது. நம் மே மாதத்தில் அதை வைத்திருப்பது, அதற்குச் செய்யும் கொடுமை. காட்டில் அழியும் ஆபத்தில் உள்ள இனம் வேறு. ஆகவே மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கத்துக்கு என் ஓட்டு சில்வர் டாலருக்குத்தான்.

துணைக்கு ஆளைச் சேர்க்கும்போது ஆஸ்கர் மாதிரி அடாவடி மீன் வேண்டாம், வாய்க்குள் போகும் அளவுச் சின்ன நியான் டெட்ராவும் வேண்டாம். 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் மீனை எதற்கெடுத்தாலும் வாங்குவது நம்மவர்கள் வழக்கம். அது தொட்டியைச் சுத்தம் செய்வதைவிட அசுத்தம் செய்வதே அதிகம். பெரிதானதும் ஊருணியிலோ கண்மாயிலோ கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் பல ஏரி குளங்களில் இப்போது வலை போட்டால் அதுதான் வருகிறது. சில்வர் டாலரோ பாக்குவோ, எதுவானாலும் ஊருணிக்குப் போகக் கூடாது. வைத்துக்கொள்ள முடியவில்லை என்றால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், பணம் கேட்காமல்.

தீனிக்குக் கவலையில்லை. மிதக்கும் குருணைத் தீனியில் தாவரச் சத்து அதிகமானதைப் பார்த்து வாங்கி, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு இரண்டு வேளை. வாரத்தில் மூன்று நாள் லேசாக வெந்நீரில் காட்டிய பாலக், சிறுகீரை, வெள்ளரித் துண்டு, தோலுரித்த பச்சைப் பட்டாணி. பூச்சிமருந்து போக நன்றாக அலசுங்கள். மிஞ்சினதை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். தொட்டியில் அழகாகச் செடி நடலாம் என்ற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். நான் ஒரு தடவை நட்டேன். வெள்ளிக்கிழமை நட்டது திங்கட்கிழமை தண்டு மட்டும் நின்றது, ஆடு புகுந்த கொல்லை மாதிரி. வேர்க்கட்டைகளும் பிளாஸ்டிக் செடியும் போதும். விளக்கு மங்கலாக, பின்சுவர் கறுப்பாக இருந்தால் மீனுக்குத் துணிச்சல் வரும்.

ஆறையும் ஒரே நாளில், ஒரே அளவில் வாங்குங்கள். பத்து வருடம் வாழக்கூடிய மீன். இடையில் ஒன்று செத்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். போன வருடம் எங்கள் ஆறு ஐந்தாயிற்று. மீதி ஐந்தும் மறுபடி மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டன. ஒத்த அளவில் இரண்டு தேடிப் பிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. வந்ததும் தொட்டியில் விடாமல், கொல்லைப்புறம் நீலநிற டப்பில் தனியாக மூன்று வாரம் வைத்தேன், நோய் ஏதும் கூடவே வந்துவிடக் கூடாது என்று. பிறகு பையோடு அரைமணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் ஊற்றி, விளக்கை அணைத்துவிட்டு விட்டேன். ஐந்தும் வந்து இரண்டையும் சுற்றிச்சுற்றிப் பார்த்தன. ஒன்று மட்டும் துரத்தியது. மறுநாள் மாமா வந்திருந்தார். "இதுல புதுசு எது மாப்ளே?" என்றார். நானும் கண்ணாடிக்குக் கிட்டே போய்த் தேடினேன், பிடிபடவில்லை.